ஆள் தெரியாது

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், கால்சாப் பகுதியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் செலஸ்ரீனாவுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தெருவில் பாதி வீடாக நின்றது அது ஒன்றுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் விழுந்த குண்டு கட்டடத்தின் கடற்பக்கத்தை அப்படியே கொண்டுபோயிருந்தது. ஐம்பது வருடமாகியும் அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. எஞ்சிய பாதியின் வெளிச்சுவரில், மூன்றாம் மாடி உயரத்தில், யாருடையதோ ஒரு படுக்கையறையின் நீலப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இடிபாட்டுக்குள் ஒரு அத்திமரம் முளைத்திருந்தது. அதன் நிழலில் பூனைகள் படுத்துக் கிடந்தன.

1995ஆம் ஆண்டு, ஒக்ரோபர். ஆபிரிக்காப் பக்கமிருந்து சிறொக்கோ காற்று வீசிக்கொண்டிருந்தது. வாய்க்குள் மண் கடிபட்டது.

செலஸ்ரீனா பார்த்துக்கொள்ள வந்த கிழவி சிஞோரா நுன்சியா. அவளுடைய மகள்தான் கதவைத் திறந்தாள். வங்கியில் வேலை செய்கிறவள்; அவசரத்தில் இருந்தாள். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது, கண் நன்றாகத் தெரியும், ஞாபகம்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றாள். மதியம் சாப்பாடு, அதன் பிறகு மருந்து, அதன் பிறகு நித்திரை. போவதற்கு முன் நீண்ட நடைவழியின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதவைக் காட்டினாள். உயரமான, வெள்ளை பூசிய, வேலைப்பாடுள்ள கதவு. பெரிய இரும்புத் தாழ்ப்பாள்.

"இதை மட்டும் திறக்காதே. அந்தப் பக்கம் அறை இல்லை."

செலஸ்ரீனாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வெளியே பார்த்த நீலச் சுவர் நினைவுக்கு வந்தது.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சிஞோரா பிரச்சினை இல்லாத மனுசி. சில நாள் அவளைத் தன் செத்துப்போன தங்கை என்று நினைப்பாள். சில நாள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு செலஸ்ரீனா ஜன்னல் மரத்தட்டிகளை இழுத்து மூடுவாள். அந்த நேரம் பலெர்மோ முழுக்கச் செத்த ஊர்போல ஆகிவிடும். கடைகள் பூட்டியிருக்கும். ஒரு வாகனம் ஓடாது. இருட்டின வீட்டுக்குள் தட்டிகளின் இடுக்கால் விழும் வெயில் கோடுகளும், சிஞோராவின் மூச்சும், தன்னுடைய மூச்சும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் குகனேஸ்வரி வந்தாள்.

தமிழ்ப் பூசை முடிந்து சனம் மாதா கோவில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. குகனேஸ்வரி சைவக்காரி, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியாள். ஒரு மாதத்துக்கு முன்தான் எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்து, போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் ஒரு அறையில் இருந்தாள். தமிழ்ச் சனம் ஒன்றாகக் கூடுகிற இடம் என்று யாரோ சொல்லித்தான் கோவிலுக்கு வந்திருந்தாள். ஒவ்வொருவராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தவள், செலஸ்ரீனாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கள் மன்னார்ப் பக்கமோ?"

"ஓம்."

"சங்குமுனையோ?"

செலஸ்ரீனா தலையை ஆட்டினாள்.

குகனேஸ்வரியின் முகம் சட்டென்று வெளித்தது. "என்ரை தம்பி அங்கைதான் நிண்டவன். விக்னராஜா. வள்ள இஞ்சின் திருத்துறவன். தொண்ணூறாம் ஆண்டு சுத்திவளைப்போடை ஒரு தொடர்பும் இல்லை. தெற்கிலை ஏதோ காம்பிலை வைச்சிருக்கிறாங்கள் எண்டு ஒராள் சொன்னவர். அம்மா இப்பவும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறா. நீங்கள் ஆளைக் கண்டனீங்களோ?"

பக்கத்தில் நின்ற செலஸ்ரீனாவின் புருசன் வலன்ரைன் அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"ஆள் தெரியாது" என்றாள் செலஸ்ரீனா.

வீட்டுக்கு நடக்கும்போது வலன்ரைன் மெதுவாகச் சொன்னான். "நல்லது. அப்பிடியே விடு. சொல்லி என்ன செய்யிறது? அவன் திரும்பி வரப்போறானோ?"

அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் நித்திரையில் கத்தி எழும்பிய நாட்களில் பாதியைச் சொல்லியிருந்தாள். மற்றப் பாதியை அவனே ஊகித்துக்கொண்டான்.

விக்னராஜா, சங்குமுனையில் செலஸ்ரீனா வீட்டு வளவுக்குள் ஒரு கொட்டிலில் இருந்தவன். இருபது வயதிருக்கும். கையில் எப்போதும் கழிவெண்ணெய்க் கறை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவன் சாப்பிட உட்காரும்போது மண்ணெண்ணெய் மணக்கும். செலஸ்ரீனா அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரித்துக்கொண்டே, "அப்ப கரண்டி தாங்கோ அக்கா" என்பான்.

ஆமி ஊரைச் சுற்றி வளைத்த அன்று எல்லோரையும் கோவில் முற்றத்துக்கு வரச்சொன்னார்கள். ஆம்பிளைகளைத் தனியாக வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். மத்தியானமானதும் ஆமிப் பெரியவன் ஒருவன் வந்து, பெண்கள் அவரவர் ஆட்களைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றான். மொழிபெயர்த்தவன் அதைக் கொச்சைத் தமிழில் சொன்னான். பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். செலஸ்ரீனா தன் தம்பி அகஸ்ரினின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அகஸ்ரினுக்குப் பக்கத்தில் விக்னா இருந்தான்.

மொழிபெயர்த்தவன் துவக்குப் பிடியால் அவனைச் சுட்டிக் கேட்டான்.

"இவன் ஆர்?"

விக்னா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம்கூட இல்லை. அக்கா வந்துவிட்டா என்ற நிம்மதிதான் இருந்தது.

"ஆள் தெரியாது ஐயா" என்றாள் அவள்.

இரண்டு பேரைக் கேட்டால் சந்தேகப்பட்டு இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள் என்று அந்த நேரம் நினைத்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் வந்த யோகாம்பாள் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை இல்லாத யோகாம்பாள் வேறு இரண்டு பொடியன்களின் கையைப் பிடித்து, ரெண்டும் என்ரை பிள்ளையள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க ஆளில்லாதவர்களை லொறியில் ஏற்றினார்கள். பிறகு அவர்களைக் கடற்கரையில் பிணமாகத்தான் ஊர் கண்டது. உரித்துள்ளவர்கள் வந்து எடுக்கலாம் என்று ஆமி அறிவித்தது. போய் உரிமை கேட்டால் அடுத்த லொறியில் தாங்களும் ஏறவேண்டி வரும் என்று ஊருக்குத் தெரியும். ஒருவரும் போகவில்லை. கடைசியில் ஆமியே டயர் போட்டு எரித்தது. செலஸ்ரீனா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கறுத்த விரல்களைக் கண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சிஞோரா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நடைவழிப் பக்கம் பார்த்தாள்.

"சமையலறையில் ஒரு பையன் நிற்கிறான்."

"ஒருத்தரும் இல்லை சிஞோரா."

"பாவம், கையெல்லாம் கரி. கழுவச் சவர்க்காரம் கொடு."

செலஸ்ரீனா எழுந்து போய்ப் பார்த்தாள். சமையலறை வெறுமையாக இருந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் மெல்லிய நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிப் பூட்டினாள். சிஞோரா எதையோ கனவு கண்டிருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான் மணந்தது.

மண்ணெண்ணெய்.

துறைமுகத்திலிருந்து காற்றில் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியபிறகு மணம் இன்னும் கூடியது.

அடுத்த நாள் அவள் வெளுத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துவாயில் நான்கு விரல்களும் பெருவிரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. யாரோ கை துடைத்த மாதிரி. செலஸ்ரீனா அதைக் கொதிநீரில் போட்டுத் தேய்த்தாள். கறை போகவில்லை. சுருட்டிக் கொண்டுபோய் வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். மீன்கடைக்காரன் ஒருவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். மூக்கைச் சுளித்து, "என்ன, எண்ணெய்க் கப்பலிலா வேலை?" என்று கேட்டான்.

அவளுடைய உடம்பிலேயே அது மணக்கத் தொடங்கியிருந்தது.

வலன்ரைனிடம் சொன்னாள். அவன் அவளைக் கண்ணெடுத்துப் பார்க்காமலே, "அந்த வேலையை விடு. வேறை சிஞோரா பாப்பம்" என்றான். விடுகிறேன் என்றுதான் அவளும் நினைத்தாள். இந்தக் கிழமை மட்டும் முடியட்டும்.

வியாழக்கிழமை காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. தட்டிகளை மூடி, சிஞோராவின் காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, செலஸ்ரீனா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். சிஞோரா கண்ணை மூடவில்லை. அவளுடைய பார்வை செலஸ்ரீனாவின் தோளுக்குப் பின்னால் எங்கோ நிலைத்து நின்றது.

"அவன் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்" என்றாள் கிழவி மெதுவாக. "உனக்கு அவனைத் தெரியுமா?"

செலஸ்ரீனாவின் பிடரியில் வெப்பமாக ஒரு மூச்சுப் பட்டது.

திரும்பவில்லை.

"இல்லை சிஞோரா. தெரியாது."

மூச்சு நின்றது.

வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. மணம்கூட இல்லை. போய்விட்டான் என்று நினைத்தாள். உடம்பு தளர்ந்தது. அந்தக் களைப்பில் கதிரையில் சாய்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டாள்.

தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தாள்.

மெதுவான, மரியாதையான தட்டு. உள்ளே வரலாமோ என்று கேட்கிற தட்டு.

வாசற்பக்கமிருந்து வரவில்லை. நடைவழியின் கோடியிலிருந்து வந்தது.

அறை இல்லாத கதவிலிருந்து.

செலஸ்ரீனா சிஞோராவின் கதிரையைப் பார்த்தாள். வெறும் தலையணைதான் இருந்தது.

"சிஞோரா!"

நடைவழியின் இருட்டுக்குள் கிழவியின் வெள்ளை உடுப்பு அசைந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவடிக்குப் போய்விட்டிருந்தாள். "வருகிறேன் மகனே, வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்தாள். வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாள் எண்ணெய் விட்டதுபோல வழுக்கி வந்தது.

"திறக்காதேங்கோ!" செலஸ்ரீனா தமிழில் கத்திக்கொண்டு ஓடினாள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.

வெயில் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது. கண் கூசியது. அந்த வெளிச்சத்துக்குள், தரை இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில், ஒருவன் முழங்காலில் இருந்தான். கைகள் பின்னந்தலையில். முகம் தெரியவில்லை. விரல்கள் தெரிந்தன.

சிஞோரா வாசற்படியின் விளிம்பில் நின்றாள். அவளுடைய ஒரு பாதம் பாதி வெளியே இருந்தது. கீழே, வெகு கீழே, அத்திமரமும் உடைந்த கல்லும். அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். வாய் திறந்தது.

வந்தது அவளுடைய குரல் இல்லை. இத்தாலியன் பாஷையும் இல்லை.

"இவன் ஆர்?"

அதே கொச்சைத் தமிழ். அதே ஆம்பிளைக் குரல்.

செலஸ்ரீனாவின் கால்கள் நிலத்தோடு ஒட்டிப்போயின. கையை நீட்டினாள்; ஒரு முழம் எட்டவில்லை. கிழவியின் மற்றப் பாதமும் முன்னால் நகர்ந்தது.

"இவன் ஆர்?"

தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐந்து வருடமாக அங்கேயே இருந்த சொல். அதை விழுங்க அவளுக்கு மூச்சு முட்டியது.

"விக்னா!" என்று அலறினாள். "விக்னராஜா! என்ரை வளவிலை இருந்தவன். என்ரை கையாலை சாப்பிட்டவன். எனக்குத் தெரியும்! எனக்கு நல்லாத் தெரியும்!"

கால்கள் விடுபட்டன. பாய்ந்து சிஞோராவின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இருவரும் நடைவழியில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது வாசலில் வானம் மட்டுமே இருந்தது. சிஞோரா தன் முழங்கையைத் தடவிக்கொண்டு, "ஏன் என்னைத் தள்ளினாய்?" என்று இத்தாலியனில் அழத் தொடங்கினாள்.

மகள் வேலை முடிந்து வந்ததும் செலஸ்ரீனா வீட்டுக்குப் போகவில்லை. நேரே போர்கோ வெக்கியோவுக்கு நடந்தாள். சந்தைக்காரர்கள் மாலைக்குக் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். குகனேஸ்வரி ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

செலஸ்ரீனா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோவில் முற்றம், அகஸ்ரின், பக்கத்தில் இருந்தவன், கேள்வி, தன் பதில். கடற்கரை. டயர். யோகாம்பாளைப் பற்றியும் சொன்னாள். அதை மறைத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குகனேஸ்வரி கத்தியை மடியில் வைத்தாள். அழவில்லை. பாதி வெட்டின கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்டைக்குச் சாப்பிட்டவனோ?"

"ஓம். காலமை புட்டும் மீன்குழம்பும்."

"ஆர் குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப எப்பிடி உங்களுக்குத் தெரியாது எண்டு சொல்ல வந்தது?"

குகனேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போது கடைசியாகச் சொன்னாள். "அம்மாவுக்கு இனிச் சமைக்கவேண்டாம் எண்டு சொல்லவேணும். அதை நான் எப்பிடிச் சொல்லுறது எண்டாவது சொல்லுங்கோ."



நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாள். பலெர்மோக் கடைகளில் சீனியில் வார்த்த பொம்மைகள் நிறைந்திருந்தன. செத்துப்போன சொந்தக்காரர் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து வைப்பதாக இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. காலைப் பூசையில், உங்கள் மரித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று சுவாமியார் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். வலன்ரைன் அவளுடைய கையை அமத்திப் பிடித்தான். அவள் அதை விலக்கிவிட்டு எழும்பினாள்.

"விக்னராஜா" என்றாள். "சங்குமுனையிலை எங்கடை வளவிலை இருந்தவர். எனக்குத் தெரிஞ்சவர். ஆமி கேக்கேக்கை நான் தெரியாது எண்டு சொன்னனான்."

கடைசி வாங்கில் வெள்ளைச் சேலையோடு இருந்த குகனேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டாள். பூசை முடிந்து போகும்போது அவள் செலஸ்ரீனாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமும் வேலை இருந்தது. நடைவழிக் கதவை மேசன் கல்லால் அடைத்துவிட்டுப் போயிருந்தான். ஈரச் சுண்ணாம்பு மணம் மட்டும் வீட்டில் நின்றது. வேறு எந்த மணமும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டவில்லை. செலஸ்ரீனா தட்டிகளை மூடிவிட்டு வந்து சிஞோராவின் காலடியில் உட்கார்ந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்றுப் போய்வந்தது.

"அந்தப் பையன் போய்விட்டான்" என்றாள் சிஞோரா. அன்றைக்கு அவளுடைய கண்கள் தெளிவாக இருந்தன.

"ஓம் சிஞோரா. போய்விட்டான்."

"நல்ல பையன்." கிழவி முகத்தைச் சுருக்கினாள். "ஆனால் மற்றவர்களை ஏன் படியில் நிற்க வைத்திருக்கிறாய்?"

"எந்த மற்றவர்கள்?"

"கீழே வரைக்கும் நிற்கிறார்களே. ஒருவர் என்னைப்போல வயதானவர். அவரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? போ, உள்ளே கூப்பிடு."

செலஸ்ரீனா எழுந்தாள். வாசற்கதவுக்குப் போனாள். திறந்தாள்.

படிக்கட்டு வெறுமையாக இருந்தது. பளிங்குப் படிகள் வளைந்து வளைந்து இருட்டுக்குள் இறங்கின. கீழே, தெருக்கதவின் இடுக்கால் ஒரு கோடு வெயில்.

கதவைச் சாத்தப்போனாள்.

அவளுக்கு மிக அருகில், முதற்படியில், ஒரு கிழவரின் குரல் தொண்டையைச் செருமியது. பிறகு தன் பெயரைச் சொன்னது.

அதற்குக் கீழ்ப்படியில் இன்னொரு குரல். இன்னும் உடையாத, பள்ளிக்கூடப் பொடியனின் குரல். அதுவும் தன் பெயரைச் சொன்னது.

அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

ஒருவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவசரமில்லாமல், ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்க, பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

செலஸ்ரீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லச் சொல்ல, அன்று லொறியில் ஏற்றப்பட்ட ஒவ்வொருவருடைய முகமும் வந்தது. அந்தப் பெயர்களில் அவளுக்குத் தெரியாத பெயர் ஒன்றுகூட இல்லை.